பையின் அடியில் கிடந்த இன்ஹேலர்

நேயர்களுக்கு வணக்கம். சில வருஷங்களுக்கு முன் ஓர் அம்மா என்னிடம் வந்தார். "நல்லா சதை போட்டுட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க டாக்டர். ஆனா உட்கார்ந்தா எழுந்திருக்க முடியல" என்றார். முகம் உப்பி உருண்டிருந்தது. கையும் காலும் குச்சி. வயிற்றில் ஊதா நிறக் கோடுகள். எச்.ஐ.வி. மாத்திரையால் வரும் கொழுப்பு மாற்றம் என்று ஏற்கெனவே யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எனக்கு ஊதாக் கோடுகள்தான் உறுத்தின. அவை ஸ்டீராய்டு மிஞ்சினால் வருபவை. காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால், உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால் அடிமட்டத்தில் இருக்கிறது. அப்படியானால் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வருகிறது. பையைக் கொட்டச் சொன்னேன். ஏ.ஆர்.டி. என்ற எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் தந்த அட்டாசனாவிர், ரிட்டோனாவிர் மாத்திரைகள்; அடியில் ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு உள்ள ஓர் இன்ஹேலர். வீசிங்குக்கு வேறொரு டாக்டர் எழுதியது.

இன்ஹேலரில் இழுப்பதில் பெரும்பங்கு தொண்டையில் படிந்து வயிற்றுக்குத்தான் போகிறது. வழக்கமாக அதைக் கல்லீரல் அழித்துவிடும். விழுங்கிய ஃப்ளூட்டிகசோனில் 100-க்கு 1 பங்குகூட ரத்தத்தில் சேராது. நுரையீரல் வழியாக ரத்தத்துக்குப் போவதையும் கல்லீரல்தான் கழிக்கிறது. அந்த வேலையைச் செய்யும் நொதியை ரிட்டோனாவிர் முடக்குகிறது. அதைச் சேர்ப்பதே அதற்காகத்தான்: வெறும் 100 மில்லிகிராம் போட்டால் அட்டாசனாவிர் ரத்தத்தில் நீடித்து நிற்கும். கூடவே ஃப்ளூட்டிகசோனும் தேங்கும் என்பதுதான் வினை. ரிட்டோனாவிருக்குப் பதிலாகச் சிலருக்குத் தரும் கோபிசிஸ்டாட்டும் இதே வேலையைச் செய்யும்.

புடசோனைடு இன்ஹேலர், மூக்கில் அடிக்கும் பல ஸ்டீராய்டு ஸ்பிரேக்கள், மூட்டுவலிக்குப் போடும் டிரையாம்சினலோன் ஊசி என எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு. டொலுடெக்ராவிர் உள்ள முதல்நிலை எச்.ஐ.வி. மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதைக் கேட்டுவிட்டு இன்ஹேலரை இன்றே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கார்ட்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும்; திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. அந்த அம்மாவை, ரிட்டோனாவிரால் இப்படித் தேங்காத பெக்லோமெத்தசோன் இன்ஹேலருக்கு மாற்றினோம். சுரப்பி விழிக்கும்வரை, பல மாதம், ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை கொடுத்தோம்.

"வீசிங் டாக்டர்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். "அங்க எங்க தெருக்காரங்க உட்கார்ந்திருப்பாங்க" என்றார். அதற்கு மேல் நான் என்ன கேட்க! வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், மாத்திரை டப்பாவை மட்டும் டாக்டர் மேசையில் வையுங்கள். அவர் படித்துக்கொள்வார்.