எங்கள் வீட்டுக் கண்டெய்னர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

எண்ணூர் விரைவுச்சாலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கண்டெய்னர் என்றால் என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். துறைமுகத்தின் ஜீரோ கேட்டைப் பார்த்து டிரைலர்கள் வரிசை கட்டி நிற்கிற ராத்திரிகளில், பெட்டி எண்களைப் படித்துக்கொண்டே திருவொற்றியூரிலிருந்து காசிமேடு வரை நடந்துவிடலாம். எனக்குச் சோறு போடுவதும் அந்தப் பெட்டிதான். மாதவரம் பக்கம் ஒரு சி.எஃப்.எஸ்.ஸில், அதாவது துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளைப் பிரித்துச் சரக்கை இறக்குகிற இடத்தில், ஆவணங்கள் பார்க்கிறேன். இன்றைக்கு என்னைப் பேசச் சொல்லியிருப்பது என் வீட்டு அலமாரிக்குள் ஓடும் கண்டெய்னர்களைப் பற்றி. அவை நிரல்களை அடைத்து ஓட்டும் மென்பொருள் கண்டெய்னர்கள்.

இந்த வகையில் பேர்போன கருவி டாக்கர். 2013 மார்ச்சில், அமெரிக்காவில் நடந்த பைத்தான் என்ற நிரல் மொழிக்காரர்களின் மாநாட்டில், சாலமன் ஹைக்ஸ் என்பவர் ஐந்தே நிமிடப் பேச்சில் அதை முதன்முதலாக வெளியே காட்டினார். டாக்கர் என்ற சொல்லுக்கு இங்கிலாந்துப் பேச்சில் துறைமுகத் தொழிலாளி என்று பொருள். இதை என் அப்பாவிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அவர் பார்த்த வேலையே அதுதான். சென்னைத் துறைமுகத்தில் கொக்கி போட்டு மூட்டை தூக்கியவர். டாக்கரின் சின்னமான நீலத் திமிங்கிலத்தையும் காட்டினேன். முதுகில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "லாஷிங்கே பண்ணாம ஏத்தியிருக்கானே, ஒரு அலை அடிச்சா என்ன ஆவும்?" என்றார். கப்பலில் பெட்டிகள் சரியாமல் இறுக்கிக் கட்டுவதுதான் லாஷிங்.

அப்பாவின் வேலையைக் குறைத்ததும் பெட்டிதான். 1956 ஏப்ரல் 26 அன்று, மால்கம் மக்லீன் என்ற லாரி முதலாளி, 58 பெட்டிகளை ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் ஏற்றி நூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். சென்னையில் 1983-இல் கண்டெய்னர் முனையம் வந்தது. அதுவரை ஒரு கேங் நாள்கணக்கில் இறக்கிய சரக்கைக் கிரேன் சில மணி நேரத்தில் இறக்கியது. உள்ளே இருப்பது கண்ணாடியா, கடலையா என்று கிரேனுக்குத் தெரிய வேண்டியதில்லை. பெட்டியின் எட்டு மூலைகளும் ஒரே அளவில் இருந்தால் போதும், பிடித்துத் தூக்கிவிடும்.

மென்பொருளுக்கும் இதே தொல்லை இருந்தது. ஒரு நிரலுக்குப் பைத்தானின் பழைய பதிப்பு வேண்டும், இன்னொன்றுக்குப் புதியது. ஒன்றை நிறுவினால் மற்றது படுத்துக்கொள்ளும். எழுதியவர் "என் கம்ப்யூட்டர்ல ஓடுதே" என்பார், வாங்கியவர் தலையைச் சொறிவார். சரி, நிரலோடு அதற்கு வேண்டிய எல்லாத் துணைக்கோப்புகளையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால்? அந்த அடைத்த பெட்டிக்கு இமேஜ் என்று பெயர். அதை ஓடவிட்டால் அதுதான் கண்டெய்னர்.

வட சென்னையில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரே வீடு, ஆறு குடித்தனம். கிணறு பொது, மாடிப்படி பொது. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனிக் கதவு, கரண்டுக்குத் தனி சப்-மீட்டர். கண்டெய்னரில் அந்தப் பொதுக் கிணறுதான் கெர்னல், அதாவது லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையப் பகுதி. எல்லாக் கண்டெய்னர்களும் அந்த ஒரே கெர்னலில்தான் தண்ணீர் இறைக்கின்றன. நேம்ஸ்பேஸ் என்ற வசதி சுவர் எழுப்புகிறது. அடுத்த போர்ஷனில் யார் இருக்கிறார் என்பதே உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. சி-குரூப் என்ற வசதி மீட்டர் வைக்கிறது. இவ்வளவு நினைவகம், இவ்வளவு செயலி நேரம், அதற்கு மேல் கிடையாது. இந்த இரண்டும் டாக்கருக்கு முன்பிருந்தே லினக்ஸில் இருப்பவை. சி-குரூப் 2008-லேயே கெர்னலுக்குள் வந்துவிட்டது. டாக்கர் செய்தது, அவற்றைச் சாதாரண ஆட்கள் தொடுகிற அளவுக்கு எளிதாக்கியது. விர்ச்சுவல் மெஷின் என்று இன்னொன்று உண்டு, அது தனி மனை வாங்கித் தனி வீடு கட்டுவது மாதிரி. ஆள் ஒவ்வொருவருக்கும் தனிக் கிணறு வெட்ட வேண்டும். பழைய கணினிக்குக் கட்டுப்படியாகாது.

என்னிடம் இருந்தது அப்படிப்பட்ட ஒரு பழைய கணினிதான். அக்கா மகள் பிளஸ் டூ முடித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011-இல் தொடங்கிய திட்டம் அது. அப்போது கொடுத்த பல மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்துச் சி-டாக் என்ற அரசு நிறுவனம் உருவாக்கியது. அந்தப் பாஸை எங்கள் வீட்டில் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவள் வேலைக்குப் போய்ப் புதிது வாங்கிய பிறகு, இது பீரோ மேல் துணி சுற்றிக் கிடந்தது. உங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கலாம். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததிலிருந்து இன்னும் நிறையக் கிடக்கும்.

நான் நினைவகத்தை 4 ஜிபி ஆக்கி, சுழலும் வட்டைக் கழற்றிவிட்டு, சுழலாத எஸ்.எஸ்.டி. வட்டு போட்டேன். விசிறியில் அடைந்திருந்த தூசியைத் துடைத்தேன். நம் பக்கத்து உப்புக் காற்று ஜன்னல் கம்பியையே தின்கிறது, மதர்போர்டை விடுமா என்ன! பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். அது தீப்பிடிக்கும் சாமான். நல்ல பேட்டரியாக இருந்தால் லாபம், மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் கணினி அணையாது.

டெபியனைத் திரை அலங்காரம் ஏதும் இல்லாமல் நிறுவினேன். மடிக்கணினியை மூடினால் தூங்கிவிடும், அதற்கு லாகின்-டி என்ற நிரலின் அமைப்புக் கோப்பில் மூடி தொடர்பான வரியை இக்னோர் என்று மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் இரண்டு நாள் "ஏன் நெட்வொர்க்கில் காணோம்" என்று தேடினேன். டாக்கரை நிறுவுவது டெபியனில் ஒரே கட்டளை. வானொலியில் கட்டளை வாசித்தால் யாருக்கும் பிரயோசனமில்லை, அதனால் விட்டுவிடுகிறேன். ஹலோ-வேர்ல்டு என்ற குட்டி இமேஜை ஓட்டிப் பார்த்து, திரையில் வணக்கம் வந்தால் வேலை முடிந்தது.

அப்புறம் வருவது போர்ட். துறைமுகத்துக்கும் இதே ஆங்கிலச் சொல்தான் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தனி சந்தோஷம். இங்கே போர்ட் என்பது கதவு எண். உள்ளே இரண்டு கண்டெய்னர்கள் தத்தம் கதவு 80 என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். தெருப்பக்கம் நாம் ஒன்றுக்கு 8081, இன்னொன்றுக்கு 8082 என்று பலகை மாட்டுகிறோம். எழுதும்போது வெளியே இருக்கும் எண் முதலில், ஒரு முக்காற்புள்ளி, உள்ளே இருக்கும் எண் பிறகு. இந்த வரிசையை மனதில் வையுங்கள், இன்னும் சற்று நேரத்தில் திரும்ப வரும்.

மூன்று கண்டெய்னர்கள் வைத்தேன். பை-ஹோல், வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளிலும் விளம்பரங்களைக் குறைக்க. ஜெல்லிஃபின், அப்பாவின் பழைய பாட்டுகளையும் கல்யாண வீடியோக்களையும் டிவியில் போட. மூன்றாவது, அக்காவுக்கான ஒரு கணக்கு மென்பொருள்.

அந்த மூன்றாவதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அக்கா எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவுக்குப் பொருளாளர். சந்தா, கடன், வட்டி எல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கும். "கம்ப்யூட்டர்ல போட்டுடலாம்க்கா, கூட்டல் தப்பே வராது" என்று நான்தான் ஆசை காட்டினேன். நான்கு மாதம் அருமையாக ஓடியது. நடுவில் கரண்ட் போய்ப் பேட்டரியும் தீர்ந்து இரண்டு முறை கணினி அணைந்தது. திரும்பப் போட்டால் கணக்கு அப்படியே இருந்தது. அந்தத் தைரியம்தான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தது. டாக்கரில் புதுப்பிப்பது என்றால் பழைய கண்டெய்னரை நிறுத்தி, நீக்கி, புதிய இமேஜை இறக்கி, அதிலிருந்து புதிதாக ஓடவிடுவது. அதையே செய்தேன். உலாவியைத் திறந்தால், "நல்வரவு, முதல் பயனரை உருவாக்குங்கள்" என்றது. வயிற்றில் புளியைக் கரைத்தது என்பார்களே, அன்றைக்குத்தான் எனக்கு அதன் அர்த்தம் தெரிந்தது.

நடந்தது இதுதான். இமேஜில் யாரும் எழுத முடியாது, அது சீல் வைத்த பெட்டி. கண்டெய்னர் ஓடும்போது அதன் மேல் மெல்லிய ஒரு படலத்தை டாக்கர் விரித்துத் தருகிறது. உள்ளே எழுதப்படுவதெல்லாம் அந்தப் படலத்தில்தான் பதிகிறது. கண்டெய்னரை நிறுத்தினாலும் கணினியை அணைத்தாலும் படலம் இருக்கும். நீக்கினால் அதுவும் சேர்ந்து போய்விடும். காலிப் பெட்டியைத் திருப்பி அனுப்பும் முன் கதவைத் திறந்து, உள்ளே சரக்கு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது எங்கள் இடத்தில் அன்றாட நடைமுறை. அந்தத் தாள்களோடு தினமும் புழங்குகிறவன், வீட்டில் சரக்கோடு பெட்டியை அனுப்பிவிட்டேன்.

அக்காவிடம் போய்ச் சொல்ல ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். அத்தனை மாதமும் எனக்குச் சொல்லாமல் அதிலும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறாள். "உன் மெஷினை நம்பி ஊரான் வீட்டுக் காசை விட முடியுமாடா?" என்றாள். இரண்டு ராத்திரி உட்கார்ந்து திரும்ப ஏற்றினேன்.

இதைத் தவிர்க்கும் வழி வால்யூம். கணினியில் உள்ள ஒரு கோப்புறையைக் கண்டெய்னருக்குள் உள்ள ஒரு கோப்புறையோடு இணைத்துவிடுவது. கதவு எண்ணுக்குச் சொன்ன அதே வரிசை: வெளியே இருப்பது முதலில், முக்காற்புள்ளி, உள்ளே இருப்பது பிறகு. தரவு வெளியே தங்கும், பெட்டி போகட்டும். ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. மென்பொருள் தன் தரவை உள்ளே எந்தக் கோப்புறையில் வைக்கிறது என்பதை அதன் குறிப்பேட்டில் பார்த்தே எழுத வேண்டும். ஊகித்து எழுதினால், வெளியே ஒரு காலிக் கோப்புறை அழகாக இருக்கும், தரவு பழையபடி படலத்திலேயே சேரும். ஆகவே நான் இப்போது எந்தக் கண்டெய்னர் வைத்தாலும் முதல் நாளே பொய்யாக ஒரு வரி பதிந்துவிட்டு, கண்டெய்னரை நீக்கி, மறுபடி எழுப்புவேன். அந்த வரி இருந்தால்தான் உண்மைத் தரவை உள்ளே விடுவேன். இழக்க எதுவும் இல்லாதபோது உடைத்துப் பார்ப்பதில் எந்த நஷ்டமும் இல்லை.

இந்த அமைப்புகளையெல்லாம், டாக்கர் படித்து அப்படியே இயக்கும் கம்போஸ் கோப்பு ஒன்றில் எழுதி வைத்துக்கொண்டால், நினைவில் வைக்க வேண்டியதில்லை. அந்தக் கோப்பில் உள்தள்ளலுக்கு டேப் விசையைத் தொடாதீர்கள், ஸ்பேஸ் மட்டும்தான்.

இமேஜை இறக்கும்போது பலரும் லேட்டஸ்ட் என்ற ஒட்டுப் பெயரை நம்புகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. கப்பல் பெட்டிக்கு நான்கு எழுத்து, ஏழு இலக்கம் உண்டு. கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. ஒரு எழுத்தைத் தப்பாக அடித்தாலும் அநேகமாக அங்கேயே மாட்டிக்கொள்ளும். லேட்டஸ்ட் என்பது அப்படி அடையாளம் அல்ல, வெறும் சாக்பீஸ் எழுத்து. இன்று ஒரு பெட்டியில் இருக்கும், நாளை அழித்து இன்னொன்றில் எழுதுவார்கள். குறிப்பாகத் தரவுத்தளங்களில் இது வில்லங்கம். போஸ்ட்கிரெஸ்ஸின் ஒரு பெரிய பதிப்பு எழுதிய கோப்புகளை அடுத்த பெரிய பதிப்பு நேராகப் படிக்காது. பதிப்பு எண்ணைத் தெளிவாக எழுதிவிடுவதே மேல்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. கணினியில் உள்ள டாக்கர் என்ற பயனர் குழுவில் ஒருவரைச் சேர்ப்பது, வீட்டுக்காரரின் சாவிக்கொத்தை அப்படியே அவர் கையில் கொடுப்பதற்குச் சமம். அடுத்தது, வெளியார் கணினிக்குள் நுழையாமல் தடுக்கும் யு.எஃப்.டபிள்யூ. என்ற தடுப்பைப் போட்டிருந்தாலும் டாக்கர் திறந்த கதவுகள் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். வீட்டு ரூட்டருக்குப் பின்னால் இருக்கும்வரை பெரிய பயமில்லை. ரூட்டரிலேயே கதவைத் திறந்து இணையத்துக்கு விடுவதைப் புதியவர்கள் செய்ய வேண்டாம். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமானால் வயர்கார்டு போன்ற தனி வழியில் வாருங்கள்.

கரண்ட் பில் பற்றிக் கேட்பீர்கள். மடிக்கணினி 15 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரவும் பகலும் ஓடி இரண்டு மாதத்துக்குச் சுமார் 22 யூனிட். பழைய டெஸ்க்டாப் 60 வாட் என்றால் 86 யூனிட். நம் கணக்கெடுப்பில் முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம் என்றாலும், ஃபேனும் ஃபிரிட்ஜும் அதை ஏற்கெனவே தின்றிருக்கும்.

இப்போது ஞாயிறு பின்னிரவு இரண்டு மணிக்குக் கணக்குக் கண்டெய்னர் தானாக நிற்கும், அதன் கோப்புறை ஒரு தனி வட்டுக்கு நகலாகும், பிறகு மறுபடி ஓடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே தரவுத்தளக் கோப்புகளை நகலெடுத்தால் பாதி எழுதியதும் பாதி எழுதாததுமாக வந்து நிற்கும், அதனால்தான் நிறுத்துவது. அக்கா நோட்டை விடவில்லை. மாதக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறாள். போன மாதம் நாற்பது ரூபாய் இடித்தது. நோட்டு சரியாகத்தான் இருந்தது. கணினியில் 160-ஐ 120 என்று தட்டியிருந்தவன் நான்.

நன்றி, வணக்கம்.