கக்கத்தைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஊட்டிப் பக்கம் போனவர்களுக்குத் தைல மரம் தெரிந்திருக்கும். அது யூகலிப்டஸ் குளோபுலஸ், தென்கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதே பகுதியில், பெரும்பாலும் 900 மீட்டருக்கு மேல், பனி விழும் மலைச்சரிவுகளில் அதன் உறவினம் ஒன்று காடாக நிற்கிறது. பெயர் ஆல்பைன் ஆஷ், தாவரவியலில் யூகலிப்டஸ் டெலிகடென்சிஸ். 80 மீட்டரைத் தாண்டிய மரங்களும் உண்டு. ஐரோப்பாவின் ஆஷ் மரத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

தூரத்திலிருந்து பார்த்தால், இடுப்புவரை சாக்கைச் சுற்றிவிட்டதுபோல் இருக்கும். அடிமரத்தில் பாதி உயரத்துக்கு நார்நாரான பழுப்புப் பட்டை, அதற்கு மேலே வழுவழுவென்று வெள்ளை. அந்த வெள்ளையில் குழந்தை கிறுக்கியதுபோல் கோடுகள் ஓடும். அவை பட்டைக்குள் குடைந்து போன அந்துப்பூச்சிப் புழுவின் தடங்கள்.

இந்த மரத்தை அடையாளம் காணப் பட்டையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். மவுண்டன் ஆஷ் என்ற இன்னொரு யூகலிப்டஸுக்கும் கீழே சொரசொரப்பு, மேலே வழுவழுப்புதான். அதற்குச் சொரசொரப்பு பெரும்பாலும் மரத்தின் அடிப்பகுதியிலேயே நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் எங்கே நிற்கிறது என்பது மரத்துக்கு மரம் மாறும்.

சந்தேகம் தீரவேண்டுமானால் இலைக்காம்பு கிளையோடு சேரும் கக்கத்தைப் பாருங்கள். ஆல்பைன் ஆஷில் கக்கத்துக்கு ஒரு மொட்டுக்கொத்து, மவுண்டன் ஆஷில் இரண்டு. இரண்டில் ஒன்று உதிர்ந்திருக்கலாம், அதனால் நாலைந்து கக்கங்களையாவது பார்த்துவிடுங்கள். கிளை எட்டாத உயரத்தில் இருக்கும். காற்றடித்த மறுநாள் விழுந்து கிடக்கும் சுள்ளியை எடுங்கள், அதில் இலையும் காயும் ஒட்டியே இருக்கவேண்டும். தனியாகக் கிடக்கும் காய் பக்கத்து மரத்துடையதாக இருக்கலாம். ஆல்பைன் ஆஷ் காய் பேரிக்காய் வடிவில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம். மவுண்டன் ஆஷ் காய் அதைவிடச் சிறியது.

இலை அரிவாள்போல் வளைந்திருக்கும். அடிப்பகுதி கோணல், ஒரு பக்கம் காம்பில் சற்றுக் கீழே தொடங்கும். மெஸ்மேட் என்ற யூகலிப்டஸ் மரத்துக்கும் இதே கோணல் உண்டு, ஆனால் அதன் நார்ப்பட்டை சிறுகிளைவரை ஏறிவிடும். ஸ்னோ கம் என்ற யூகலிப்டஸின் இலையில் நரம்புகள் நீளவாக்கில் இணையாக ஓடும். ஆல்பைன் ஆஷ் கன்றின் இலையோ அகலமாக, நீலம் பூத்திருக்கும். பெரிய மரத்தின் இலையோடு ஒப்பிட்டால் வேறு இனம் என்றே தோன்றும்.

காடு எரிந்திருந்தால் வேலை கொஞ்சம் எளிது. ஆஸ்திரேலியப் பெருநிலத்து ஆல்பைன் ஆஷ் கடுந்தீயில் செத்துவிடும், விதையிலிருந்துதான் மீண்டும் வரும். போதுமான விதை காய்க்க ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் அந்த இடத்தில் இந்த மரமே இல்லாமல் போகலாம். நரைத்து நிற்கும் பட்டமரங்களின் கீழே ஒரே வயதுக் கன்றுகள் அடர்ந்திருந்தால் கக்கத்தைப் பார்க்கத் தொடங்குங்கள். கருகிய மரத்தின் அடியிலிருந்தே கொத்தாகத் துளிர் கிளம்பியிருந்தால், முதலில் ஸ்னோ கம்மா என்று பாருங்கள்.