தெரிவது வேறு, விளங்குவது வேறு

பெரியோர்களே, தாய்மார்களே, பரீட்சைக்குப் படிக்கிற கண்ணுகளே, எல்லாருக்கும் வணக்கமுங்க. புரிவதைக் குறிக்க ஆங்கிலத்தில் உள்ள சில சொற்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

மாரியம்மன் நோம்பிக்கு மரத்தில் கட்டுகிற குழாய் ஒலிபெருக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மைல் தள்ளித் தோட்டத்தில் தண்ணி கட்டுகிறவருக்கும் சத்தம் போய்ச் சேரும். என்ன பேசினார்கள் என்று கேட்டால், "கேட்டுதுங்க, ஒண்ணும் வெளங்குலீங்க" என்பார். அவர் பிரித்துச் சொன்ன அந்த இரண்டுக்கும் ஆங்கிலத்திலும் தனித்தனிச் சொல் உண்டு. காதுக்கு எட்டுவது ஆடிபிள். சொல் சொல்லாகப் பிரிந்து விழுந்து பொருள் தருவது இன்டெலிஜிபிள்.

குழாயில் ஏன் விளங்குவதில்லை? பாட்டு, காட்டு, மாட்டு என்பவற்றை வேறாக்குவது முதலில் வரும் மெய் ஒன்றுதான். வல்லின மெய்யின் ஓசை நொடிப்பொழுதில் முடிந்துவிடும். எதிரொலியில் முதலில் கரைவது அதுதான். உயிரின் முழக்கம் மட்டும் மிஞ்சும். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடத்தான் கூடும். லத்தீனில் இன்டெலிஜிபிள் என்ற சொல்லின் வேர், பலவற்றுக்கு நடுவிலிருந்து பொறுக்கி எடுப்பதைக் குறிக்கிறது. முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிறோமே, அந்த வேலை.

இப்போது பிள்ளைகளின் நோட்டைப் புரட்டுங்கள். லெஜிபிள், இன்டெலிஜிபிள், காம்ப்ரிஹென்சிபிள், காக்னிசபிள் எல்லாவற்றுக்கும் நேராக 'புரியக்கூடிய' என்றே எழுதியிருக்கும். இது எனக்கு வருத்தம் தருகிறது. நம் பேச்சில் அப்படி ஒரே சொல்லா இருக்கிறது? எழுத்து தெரிகிறது, சேதி விளங்குகிறது, கணக்கு பிடிபடுகிறது என்று இடம் பார்த்துத்தானே பேசுகிறோம்! எது, எந்த வழியாக நமக்கு எட்டுகிறது என்று முதலில் கேளுங்கள். பிறகு சொல்லைத் தேடுங்கள்.

லெஜிபிள் கண்ணோடு நிற்கும் சொல். எழுத்து இன்ன எழுத்தென்று தெரிந்தால் போதும், பொருள் தெரிய வேண்டியதில்லை. அமெரிக்காவுக்குப் போகும் ஆடையில் சலவைக் குறிப்பு லேபிள் அந்த ஆடை உழைக்கும் காலம் முழுவதும் லெஜிபிளாக இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. திருப்பூரில் லேபிள் அச்சடிப்பவர்களுக்கு இதன் எடை தெரியும். சாட்டின் துணி நாடாவில் மெழுகு மை பூசிய அச்சு ரிப்பன் போட்டு அடித்தால் சில சலவையிலேயே எழுத்து மங்கிவிடும். துணிக்கென்றே வரும் ரெசின் (பிசின்) மை ரிப்பனும் அதற்கேற்ற சூடும் வேண்டும். மருத்துவர்கள் மருந்துச் சீட்டை லெஜிபிளாக, கூடுமானால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தியபோதும் இதே சொல்தான் வந்தது. ரீடபிள் என்பது அடுத்த படி, அலுப்பில்லாமல் வாசிக்க முடிகிறது என்று பொருள். பழைய கிரயப் பத்திரம் முத்து முத்தான கையெழுத்தில் லெஜிபிளாக இருக்கும். நாலு பக்கத்துக்கு ஒரே வாக்கியமாக ஓடுவதால் ரீடபிள் அல்ல. படித்து முடித்தும் எந்த எல்லை எங்கே போகிறதென்று முழுசாகப் பிடிபடவில்லை என்றால் காம்ப்ரிஹென்சிபிளும் அல்ல. இந்தக் கடைசிச் சொல்லின் வேரே கையால் பற்றுவதுதான். காம்ப்ரிஹென்சிவ் என்பதோடு இதைக் குழப்பிவிடாதீர்கள். வண்டி இன்சூரன்சில் வரும் காம்ப்ரிஹென்சிவ், மூன்றாம் நபருக்கான பொறுப்பையும் சொந்த வண்டியின் சேதத்தையும் சேர்த்து அடக்கியது என்று பொருள்படும். புரிவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

பெரிய சேதம் வருவது காக்னிசபிளில். இதை 'அறியக்கூடிய' என்று பெயர்த்தால், நான்-காக்னிசபிள் 'அறிய முடியாத குற்றம்' ஆகிவிடுகிறது. ஸ்டேஷனுக்குப் போனவர், நடந்ததையே இல்லை என்கிறார்களோ என்று கலங்கிப்போகிறார். சட்டத்தில் இதற்குப் பொருள் வேறு. போலீஸ் தானாகவே கையிலெடுக்கலாம், வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம் என்றால் காக்னிசபிள். கொலை, வழிப்பறி இதில் சேரும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173-ஆம் பிரிவுப்படி இதற்கு முதல் தகவல் அறிக்கை போட வேண்டும். அவதூறு போன்றவை நான்-காக்னிசபிள். அவற்றுக்கு 174-ஆம் பிரிவு. தகவலைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்வார்கள். அவர் உத்தரவு இல்லாமல் விசாரிக்க முடியாது. அதுவும் குற்றம்தான், கதவு மட்டும் வேறு.

அண்டர்ஸ்டாண்டபிள் புரிவதைத் தாண்டி, நியாயத்தின் பக்கம் சாய்ந்துவிட்ட சொல். ஒருவருடைய கோபம் அண்டர்ஸ்டாண்டபிள் என்றால், 'கோபம் வருவது நியாயந்தான்' என்று சொல்ல வேண்டும். அதனால் சரக்கு தாமதமானதற்கு சரக்கு வாங்கும் வெளிநாட்டு வியாபாரிக்குக் கடிதம் எழுதும்போது 'எங்கள் தாமதம் அண்டர்ஸ்டாண்டபிள்' என்று எழுதிவிடாதீர்கள். நமக்கு நாமே மன்னிப்புக் கொடுத்துக்கொண்டது போலப் படும். 'உங்கள் வருத்தம் அண்டர்ஸ்டாண்டபிள்' என்றால் பொருந்தும்.

ஸ்பெல்லிங்குக்கு ஒரு வழி. சொல்லின் கடைசியில் வரும் 'ஏபிள்' (able) அல்லது 'இபிள்' (ible) என்ற வாலை வெட்டினால் முழு ஆங்கில வினை நிற்கிறதா? நோ (know), அண்டர்ஸ்டாண்ட் மாதிரி நின்றால் பெரும்பாலும் 'ஏ'யில் தொடங்கும் வால். லெஜ், இன்டெலிஜ் என்று அரைகுறையாக நின்றால் பெரும்பாலும் 'ஐ'. டைஜஸ்டிபிள் போல மீறுகிறவையும் உண்டு, அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். எதிர்மறையில் லெஜிபிளுக்கு முன்னால் 'இல்', காம்ப்ரிஹென்சிபிளுக்கு 'இன்'. இன்டெலிஜிபிளோ லத்தீன் வழி வந்திருந்தும் 'அன்' வாங்கும். பரீட்சையில் அதிகம் தவறுவது இங்கேதான்.

ஃபேதமபிள் என்ற சொல்லையும் விடக்கூடாது. ஃபேதம் என்றால் ஆறடி. இரண்டு கையையும் விரித்து வடத்தை அளப்போமே, நம்முடைய மார், அதேதான். பழைய ஆங்கிலத்திலும் விரித்த கைகளுக்குத்தான் அந்தப் பெயர். அறுபதடிக் கிணறு பத்து மார். அளக்க முடிகிற ஆழத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பதாலோ என்னவோ, ஆங்கிலத்தில் இந்தச் சொல் பெரும்பாலும் 'அன்' சேர்ந்தே வருகிறது: அன்ஃபேதமபிள், வடம் எட்டாத ஆழம்.