பெயர்ப்பலகையிலேயே 'முகாம்' என்று எழுதிய ஊர்!

வணக்கம். ராமேசுவரம் ரயிலில் எல்லோரும் பாம்பன் பாலத்தைப் பார்க்க ஜன்னலோரம் இடம் பிடிப்பார்கள். பாலத்துக்குச் சற்று முன்னால் வரும் ஒரு நிலையத்தின் பலகையை இறங்கிப் படித்துப் பாருங்கள்: 'மண்டபம் முகாம்'. யாருக்கான முகாம்?

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல். கங்காணிகள், அதாவது தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பவர்கள், இலங்கைத் தோட்டங்களுக்காகத் திரட்டிய தொழிலாளர்களை மண்டபத்தில் சில நாள் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசு. நம் ராமநாதபுரக் கரையில் இன்னொரு நாட்டின் முகாம்! முதலில் படித்தபோது நான் நம்பவில்லை.

இப்போது, இந்த வீடியோவை நான் எடுக்கக் காரணமான பொருளுக்கு வருகிறேன். ஒரு தகர வில்லை. நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். அதில் ஓர் எழுத்து, அது தோட்டம் இருக்கும் மாவட்டம். பிறகு தோட்டத்தின் எண், ஆளின் எண். பெயர் கிடையாது. ரயிலிலும் கப்பலிலும் அந்த வில்லைதான் டிக்கெட். பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். முத்துவும் மாரியம்மாளும் இந்தக் கரையிலேயே எண்களாகிவிட்டார்கள். அந்த வில்லையின் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பிறகு திசை மாறியது. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம்: இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். அதே டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் ராமேசுவரத்துக்கு மாறியது. தாயகம் திரும்பியவர்களை மண்டபமே வரவேற்றது. 1983 இலங்கை இனக்கலவரத்துக்குப் பிறகு அகதிகள். 2022-இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் படகேறி தனுஷ்கோடியை அடுத்த அரிச்சல்முனை மணல் திட்டில் இறங்கியவர்களையும் இங்கேதான் கொண்டுவந்தார்கள்.

2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல காரியம். ஆனால் குடியுரிமை இல்லாதவர்களுக்கு உள்ளாட்சித் தேர்தலில் வாக்கு இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால், 'உனக்குத்தானே ஓட்டுப் போட்டேன்' என்று கேட்க அவர்களுக்கென்று ஒரு வார்டு உறுப்பினர் இல்லை. அதிகாரியிடம் மனுதான் கொடுக்க வேண்டும். இங்கேயே பிறந்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்களில் பலருக்கும் இதே நிலை. இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில், தாத்தா பாட்டியின் தகர வில்லை கிடக்கிறதா? படம் எடுத்து, எண்ணோடு அவர்கள் பெயரையும் கீழே எழுதுங்கள்.