மைனா வந்து 41 நாள்: ஓடுகளத்திலிருந்து ஒரு வீட்டுக்கு

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குக் கொஞ்சம் தணிந்த குரலில்தான் பேசப் போகிறேன். காரணம் இங்கே படுத்திருக்கிறாள், இருங்கள், கேமராவைத் திருப்புகிறேன். தெரிகிறதா? முதுகு மெத்தையில், நான்கு காலும் மேலே, கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு, வாயோரம் ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. இவள்தான் மைனா. பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற கிரேஹவுண்டு இன நாய். வயது 4, எடை 29 கிலோ. என் வீட்டுக்கு வந்து இன்றோடு 41 நாள். இப்படி வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்க அவளுக்கு 31 நாள் ஆனது.

முதல் நாளே ஏன் வீடியோ போடவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். அன்றைக்கு அவள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. அவள் கூடத்தின் நடுவில் நின்றாள். உட்காரவில்லை, படுக்கவில்லை, முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஏறக்குறைய 2 மணி நேரம் அப்படியே நின்றாள்.

இதைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச வேண்டும். என் தோழி ஒருத்தியும் இதே மாதிரி ஒரு நாயை எடுத்து வளர்க்கிறாள். வந்த மூன்றாம் நாள் எனக்கு போன் செய்து, "ரொம்பச் சாது, இருக்கிற இடமே தெரியவில்லை, யார் தொட்டாலும் பேசாமல் நிற்கிறான்" என்று பூரித்துப் போனாள். அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்கு ஆட்களை வரவழைத்தாள், எல்லோரும் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்து அவன் ஒருவரைப் பார்த்து உறுமினான். "நாய் கெட்டுப் போய்விட்டது" என்று அழுதாள். கெட்டுப் போகவில்லை நண்பர்களே. முதல் வாரத்தில் அவன் நிம்மதியாக இல்லை, பயத்தில் உறைந்து நின்றான். மூன்றாம் வாரத்தில்தான் "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று சொல்லும் தைரியம் வந்தது. அந்த உறுமலுக்காக அதட்டினால், அடுத்த முறை உறுமாமல் நேரே கடிக்கக் கற்றுக்கொள்ளும். கிரேஹவுண்டு அசையாமல் நின்றால் தயவுசெய்து அதை அமைதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வால் கால்களுக்கு நடுவில் ஒட்டியிருக்கிறதா, காது பின்னால் படிந்திருக்கிறதா, வாய் இறுக மூடியிருக்கிறதா, கொடுத்த தின்பண்டத்தைச் சீண்டாமல் விடுகிறதா என்று பாருங்கள்.

அவள் எங்கிருந்து வந்தாள் என்று யோசித்தால் இது புரியும். பந்தயத்துக்காகப் பிறக்கும் கிரேஹவுண்டு கூடப் பிறந்த குட்டிகளோடு வளரும், பிறகு பயிற்சி, ஏறத்தாழ ஒன்றரை வயதில் ஓடுகளம். கொட்டிலில் தனக்கென்று ஓர் அடைப்பு. ஒரு நாளில் சில தடவை மற்ற நாய்களோடு திறந்தவெளிக்குக் கூட்டிப் போவார்கள், திரும்ப அடைப்பு. சாப்பாடு, வெளியே போவது, தூக்கம் எல்லாம் நேரம் தவறாமல் நடக்கும். அந்த வாழ்க்கையில் மாடிப்படி கிடையாது, நிலைக்கண்ணாடி கிடையாது, டிவி கிடையாது, வழுவழுப்பான தரை கிடையாது. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடிய இந்த உயிர், என் வீட்டு வாசலில் இருக்கும் மூன்று படிக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு நின்றது.

சரி, வீட்டில் என்னென்ன மாற்றினேன் என்று சொல்கிறேன். பின்பக்கக் கண்ணாடிக் கதவில் அவள் கண் உயரத்துக்குக் காகிதப் பட்டைகள் ஒட்டினேன், அங்கே ஒன்று இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே. டைல்ஸ் தரையில் அவள் கால்கள் நான்கு பக்கமும் வழுக்கிக்கொண்டு போயின, ஒரு தடவை அப்படி ஆனதும் அடுத்த அடி எடுத்து வைக்கவே மறுத்துவிட்டாள். அதனால் மெத்தையிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து கதவுக்கு என்று கால்மிதிகளை வரிசையாகப் போட்டுப் பாதை அமைத்தேன். முதல் பத்து நாள் அவளுடைய வீடு என்பது அந்தப் பாதை மட்டும்தான். மெத்தை தடிமனாக இருக்க வேண்டும். இவள் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு, தோலும் மெல்லியது. வெறும் தரையில் படுத்தால் முழங்கையும் இடுப்பெலும்பும் உறுத்திப் புண்ணாகிவிடும். குளிருக்கும் மேலே ஒரு சட்டை வேண்டும்.

படி ஏற நான்கு நாள் பழக்கினோம். அவள் பக்கத்தில் நின்று முன்னங்காலை எடுத்து முதல் படியில் வைப்பேன், பிறகு அடுத்த முன்னங்கால், பிறகு பின்னங்கால் ஒவ்வொன்றாக. என் இடுப்பு அவள் பின்பக்கத்தை ஒட்டினாற்போல் இருக்கும், விழ மாட்டோம் என்ற நம்பிக்கை அவளுக்கு வர வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. பயந்த கிரேஹவுண்டு எல்லாப் படியையும் ஒரே தாவலில் தாண்டிவிடப் பார்க்கும், மெலிந்த கால், எலும்பு முறியலாம். இறங்கும்போது கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, மெதுவாக இறங்க வேண்டும்.

கழுத்துப் பட்டை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும், இதில் எனக்கு ஈரக்குலையே நடுங்கிவிட்டது. கிரேஹவுண்டின் கழுத்து தலையைவிடப் பருமன். சாதாரணப் பட்டை போட்டால் தலை வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். மூன்றாம் நாள் காலை, தெருவில் ஏதோ தகரம் சரிந்து விழுந்த சத்தம். அவள் பின்வாங்கிய வேகத்தில் பட்டை காதுவரை ஏறிவிட்டது. நான் அப்படியே குனிந்து அவள் நெஞ்சைக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கே மார்ட்டிங்கேல் என்ற பட்டையை வாங்கினேன். இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகும், மூச்சை நெரிக்காது, தலை வழியாகக் கழலாது. காதுக்குப் பின்னால் கழுத்தின் ஒடுங்கிய பகுதியில் பொருந்தும்படி அளவு வைக்க வேண்டும். கூடவே நெஞ்சுவாரும் போட்டு, இரண்டிலும் வாரை மாட்டிக்கொள்கிறேன். நீண்டு சுருங்கும் வகை வார் இவர்களுக்கு ஆகவே ஆகாது. நாலைந்து பாய்ச்சலிலேயே பெரும் வேகத்தை எட்டிவிடும் நாய், அந்த வார் முடியும் இடத்தில் கழுத்து என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சுற்றி வேலி இல்லாத இடத்தில் வாரை அவிழ்ப்பதும் கூடாது. இது மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி வேட்டையாடும் இனம். தூரத்தில் ஏதோ ஓடுவதைப் பார்த்துவிட்டால் நீங்கள் கூப்பிடுவது காதில் ஏறாது.

நடைக்குப் போனால் நடுவழியில் சிலையாக நின்றுவிடுவாள். முதலில் நான் இழுத்தேன், அது தப்பு. இழுக்க இழுக்க இன்னும் ஊன்றிக்கொண்டாள். இப்போது நானும் நின்றுவிடுவேன். கொஞ்ச நேரம் போனதும் பக்கவாட்டில் திரும்பிச் சின்ன வட்டமாக ஓர் அடி வைப்பேன். ஒரு கால் நகர்ந்துவிட்டால் மற்ற மூன்றும் வந்துவிடும்.

அப்புறம், தூக்கம். நிறையக் கிரேஹவுண்டுகள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கும். விழித்திருக்கிறது என்று நினைத்து ஆறாம் நாள் இரவு மெத்தைப் பக்கத்தில் மண்டியிட்டுத் தடவிக் கொடுத்தேன். சட்டென்று எழும்பி என் கை ஓரத்தில் வாயைப் படாரென்று மூடினாள். பல் படவில்லை. அடுத்த நொடியே அவளுக்கே திகைப்பு, காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு உடம்பு நடுங்க என்னைப் பார்த்தாள். இதில் கோபம் துளியும் இல்லை. கொட்டிலில் தூங்குகிற நாயை யாரும் தொடுவதில்லை, கூடப் படுப்பதும் இல்லை. தூக்கத்தில் தொடு உணர்ச்சி என்பதே அவள் அறியாதது. அன்றிலிருந்து தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், தலையைத் தூக்கி என்னைப் பார்த்த பிறகுதான் பக்கத்தில் போவேன். மெத்தையை ஆள் நடமாட்டம் இல்லாத மூலைக்கு மாற்றினேன். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை அவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுங்கள்: மெத்தையில் படுத்திருக்கும் நாயிடம் போகக் கூடாது. சோபாவில் சேர்ந்து படுப்பதெல்லாம் பல மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி தனியாக விட்டுப் போவது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஒன்பதாம் நாள், பத்தே நிமிடத்தில் வந்துவிடலாம் என்று கதவைப் பூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்தால் கதவுச் சட்டமெல்லாம் நகக் கீறல், தரையில் எச்சில் குளம், அவள் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், பிறந்ததிலிருந்து அவள் ஓர் இரவுகூடத் தனியாக இருந்ததில்லை. எப்போதும் பக்கத்து அடைப்பில் இன்னொரு நாய் மூச்சு விடும் சத்தம் கேட்டிருக்கும்.

அதனால் முதலிலிருந்து தொடங்கினேன். கதவைத் திறந்து வெளியே ஓர் அடி, உடனே உள்ளே. ஒரு நாளில் இருபது தடவை. பிறகு கதவைச் சாத்திவிட்டு ஐந்து வினாடி, பிறகு இருபது வினாடி. அவள் பதறுவதற்கு முன்பே திரும்பி வந்துவிட வேண்டும், பதறியபின் வந்தால் பயிற்சியே வீண். போனில் கேமரா வைத்துப் பார்த்துக்கொண்டே செய்தேன். சாவியை எடுத்தாலே எழுந்து நின்றாள் என்பதால், சாவியை எடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதையும் பழக்கினேன். இரண்டு நிமிடத்தை எட்ட ஒரு வாரம் ஆனது. இப்போது 40 நிமிடம் இருக்கிறாள். அதற்கு மேல் வெளியே வேலை இருந்தால் யாராவது வீட்டில் இருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்கிறேன். இரவில் முதல் இரண்டு வாரம் அவள் அறையிலேயே பாய் போட்டுப் படுத்தேன், என் மூச்சுச் சத்தமாவது கேட்கட்டும் என்று. கூண்டு வாங்கலாமா என்றால், சில நாய்களுக்குப் பழகிய இடம் போல அது ஆறுதல் தரும், சிலவற்றுக்கு உள்ளே அடைத்தால் பதற்றம் கூடும். மைனாவுக்குக் கதவைத் திறந்தே வைத்த கூண்டு பிடித்தது, மூடினால் பிடிக்கவில்லை. திறந்தே வைத்துவிட்டேன்.

சாப்பாட்டில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பழைய தீனியிலிருந்து புதியதற்கு ஒரு வாரம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் வயிறு கெடும். பல் மட்டும் கவனம், பந்தய நாய்களுக்குப் பெரும்பாலும் பல் மோசமாகத்தான் இருக்கும், தினமும் தேய்க்க வேண்டும். "உட்கார்" என்று கற்றுக் கொடுக்க அவசரப்படாதீர்கள், அந்தத் தொடைத் தசைக்கு உட்காருவது பலருக்கு வசதியாக இருக்காது. வீட்டில் பூனையோ வேறு சின்னப் பிராணியோ இருந்தால் வாய்ப்பூட்டு, வார் இரண்டும் இல்லாமல் அறிமுகம் வேண்டாம், தனியாக விடவும் வேண்டாம். வாய்ப்பூட்டு இவர்களுக்குத் தண்டனை இல்லை, கொட்டிலில் போட்டுப் பழகியதுதான்.

ஆனால் மருத்துவ விஷயத்தை அவசரமாகத் தாண்ட மாட்டேன். கிரேஹவுண்டின் உடம்பு சில விதத்தில் வேறு மாதிரி. தயோபென்டால் போன்ற சில மயக்க மருந்துகளை இவற்றின் கல்லீரல் மெதுவாகத்தான் கரைக்கும், மயக்கம் தெளிய மிகவும் நேரமாகும். அதனால் பல் சுத்தம் செய்வதானாலும் சரி, அறுவை சிகிச்சையானாலும் சரி, இது கிரேஹவுண்டு என்று மருத்துவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். சிவப்பணு மற்ற நாய்களைவிட அதிகம் இருக்கும், தட்டணு குறைவாக இருக்கும், தைராய்டு அளவும் குறைவாகக் காட்டும். அது இந்த இனத்துக்கு இயல்பு. தைராய்டு எண் ஒன்றை மட்டும் பார்த்து மாத்திரை தொடங்கிவிட வேண்டாம், இந்த இனத்தைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

பன்னிரண்டாம் நாள்தான் காதைத் தொட விட்டாள். உள்ளே பச்சை குத்திய எழுத்துகள். பந்தயப் பதிவுக்கான அடையாளம். அதை விரலால் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், அவளும் இருந்தாள். இருபதாம் நாள் நான் குளித்துவிட்டு வெளியே வந்ததும் அவள் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. குளிர்கிறதோ என்று சட்டையைத் தேடினேன். பிறகுதான் தெரிந்தது, சந்தோஷம் தாங்காமல் கிரேஹவுண்டுகள் அப்படிப் பல்லை அடித்துக்கொள்ளும். அன்று மாலை என் காலோடு முழு எடையையும் சாய்த்துக்கொண்டு நின்றாள். இப்போது என் செருப்பு ஒன்றும் இரண்டு பொம்மைகளும் அவள் மெத்தையில் பத்திரமாக இருக்கின்றன. செருப்பைக் கடிக்கவில்லை, சேர்த்து வைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

ஒன்றை விட்டுவிட்டேன், சிறுநீர். தான் தூங்கும் இடத்தை அசிங்கம் செய்யக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கூடம், சமையலறை, நடை எல்லாம் சேர்ந்துதான் தூங்கும் இடம் என்று எப்படித் தெரியும்? முதல் வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, சாப்பிட்டதும் ஒரு தடவை, தூங்கி எழுந்ததும் ஒரு தடவை வெளியே கூட்டிப் போனேன். வீட்டுக்குள் போய்விட்டால் துடைத்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதில் இன்னொரு சிக்கல், வெளியே போக வேண்டும் என்று கேட்கவே அவளுக்குத் தெரியாது. கொட்டிலில் கேட்க வேண்டிய தேவையே இருந்ததில்லை, நேரமானால் ஆள் வந்து கதவைத் திறப்பார். நேற்றுவரை நான்தான் கடிகாரத்தைப் பார்த்துக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

ஒரு நிமிடம். எழுந்துவிட்டாள். பாருங்கள், கால்மிதிப் பாதையை விட்டு டைல்ஸில் நடக்கிறாள். கதவுக்குப் போகிறாள். என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், கதவைப் பார்க்கிறாள், மறுபடி என்னைப் பார்க்கிறாள். மைனா, கேட்கிறாயா? வெளியே போக வேண்டும் என்று நீயே கேட்கிறாயா? வருகிறேன், வருகிறேன் கண்ணு. நண்பர்களே, வாரை எடுத்துக்கொண்டு நான் ஓடுகிறேன்.