ராட்டினத்துக்கு எண்ணெய் போடுவதில்லை

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, அல்சூர்ப் பக்கத்து உறவுகளே, எல்லோருக்கும் பொங்கல் வணக்கம். தெருமுனையில் இருக்கும் சிறு விளையாட்டுத் திடலை மீட்டுத் தருவது அரசின் பணமா, அக்கம்பக்கத்தாரின் உழைப்பா என்பது தலைப்பு. நான் உழைப்பின் பக்கம் நிற்கிறேன். மீதி நேரத்தை ஒரு கதைக்கு வைத்துக்கொள்கிறேன்.

கதைக்கு முன்னால் ஒரு பாக்கி இருக்கிறது. எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் ஒன்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள், நானும் பார்த்தேன். "ராட்டினத்துக்கு எண்ணெய் போட ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பிப்பார்கள். எண்ணெய் போட்டாச்சா என்று கேட்க இன்னொரு குழு. மூன்றாவது மாதம் இரண்டு குழுவிலும் குட் மார்னிங் மட்டும்தான் வரும், ராட்டினம் நின்ற இடத்திலேயே நிற்கும்" என்றார்.

அண்ணே, ராட்டினத்துக்கு எண்ணெய் போடுவதில்லை. கிரீஸ் வைப்பார்கள்.

எண்ணெய் ஊற்றினால் ஒரு வாரத்தில் ஒழுகிப் போய்விடும். போகிற போக்கில் மண்ணையும் இழுத்துப் பூசிக்கொள்ளும். கிரீஸ்தான் பேரிங்குக்குள் தங்கும். ராட்டினத்தை ஒரு முறையாவது கழற்றிப் பார்த்தவருக்கு இது தெரியும். எங்கள் தெருவில் ஒரு சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

பெங்களூரில் இடத்தை அடிக் கணக்கில் 30க்கு 40, 40க்கு 60 என்றுதான் சொல்வோம். இரண்டு 40க்கு 60 சைட்டை ஒட்டி வைத்தால் எங்கள் திடல், அவ்வளவுதான். ஊஞ்சல் சட்டம் இருந்தது, ஊஞ்சல் இல்லை. சறுக்குமரம் மேற்கே பார்த்த தகரம், மத்தியானம் மூன்று மணிக்கு அதில் தோசை ஊற்றலாம். நடுவில் ஒரு இரும்பு ராட்டினம், பிள்ளைகள் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஓடி ஏறும் வகை. அது துருப்பிடித்து இறுகிப் பல வருடம் ஆகியிருந்தது. இரவில் டிராக்டரில் வந்து யாரோ கொட்டிவிட்டுப் போன உடைந்த டைல்ஸ், சிமெண்ட் கட்டி, ஒரு முழு வெஸ்டர்ன் கமோடு. எல்லாவற்றுக்கும் மேலே இடுப்பு உயரத்துக்குப் பார்த்தீனியம். பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைக் காக்கக் கர்நாடகத்தில் 1985இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தும் உள்ளே கமோடு கிடந்தது.

மனு கொடுத்தோம். கோப்பு நகர்கிறது என்றார்கள். இடிபாட்டை அள்ள ஒரு நாள் ஒரு லாரியும் வந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த லாரியில் ஏற்றுவதற்கு எல்லாவற்றையும் கேட் வரைக்கும் கொண்டு வந்து குவித்தது எங்கள் தெரு. தொடங்கி வைத்தவர் முனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்கா. "ஞாயிற்றுக்கிழமை காலையில ஒரு மணி நேரம் கல்லு பொறுக்குங்க, நாலு இட்லி என் கணக்கு" என்றார். முதல் வாரம் ஆறு பேர், இரண்டாவது வாரம் ஒன்பது. மூன்றாவது வாரம் பூ விடுவதற்கு முன்பே பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்கிவிட வேண்டும் என்று கையுறையும் முகத்துணியும் கட்டிக்கொண்டு இறங்கினோம். பூத்துவிட்டால் ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், மகரந்தம் மூக்கிலும் தோலிலும் ஏறி ஆளை வாட்டும். சறுக்குமரத்தைப் பெயர்த்து வடக்கே பார்த்துத் திருப்பி வைத்தோம். மேற்கு வெயில் நேரே விழாது, குழந்தையின் தொடை பொசுங்காது. இதற்கெல்லாம் எந்த நிதி ஒதுக்கீடும் தேவைப்படவில்லை.

மிஞ்சியது ராட்டினம். நாலு ஆண்கள் தள்ளினோம், அசையவில்லை. அப்போதுதான் ஒரு பெரியவர் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார். ஒரு கையில் மண்ணெண்ணெய்ப் புட்டி, இன்னொரு கையில் பழைய பால்பவுடர் டின். டின்னுக்குள் கிரீஸ்.

அவர் கோலார் தங்கவயல்காரர். சுரங்கத்துப் பட்டறையில் ஃபிட்டர். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி தங்கவயல் சுரங்கம் மூடியபோது பெங்களூருக்கு வந்தவர். இங்கே உட்கார்ந்திருக்கிற பல வீடுகளுக்கு அந்தத் தேதியை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் தெருவில் அவர் அதிகம் பேசாத மனிதர். அன்றும் பேசவில்லை. நட்டுக்கு மேல் மண்ணெண்ணெய் ஊற்றினார், துணியைச் சுற்றினார், "நாளைக்குப் பாக்கலாம்" என்று போய்விட்டார்.

மறுநாள் ஸ்பேனரின் பிடியில் நீளமான குழாயை மாட்டி, சுத்தியலால் லேசாகத் தட்டித் தட்டி, ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த பேரிங் அப்பளமாக நொறுங்கி வந்தது. அதன் மேல் இருந்த எண் தேய்ந்து போயிருந்தது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தது அயர்ன் வண்டிக்காரர் மகள், ஏழாம் வகுப்பு. அவளிடம் அளவுகோலைக் கொடுத்து உள்வட்டத்தை அளக்கச் சொன்னார். 40 மில்லிமீட்டர். வெளிவட்டம் 80. "நாப்பதை அஞ்சால வகு பாப்பா" என்றார். "எட்டு தாத்தா." "அப்போ கடையில போயி 6208 குடுங்கன்னு கேளு. பேரிங் நம்பர்ல கடைசி ரெண்டு எண்ணை அஞ்சால பெருக்குனா உள் அளவு வந்துடும்." எஸ்.பி. ரோட்டுக் கடையில் அந்தப் பெண் போய் எண்ணைச் சொல்லிக் கேட்டாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக் கொடுத்தார்.

இனிமேல்தான் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. பேரிங் மாட்டியாயிற்று, கிரீஸ் வைத்தாயிற்று. தெருவே கூடிவிட்டது. பிள்ளைகள் ஏறப் பாய்கிறார்கள். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு திருப்புளியை எடுத்து, அதன் முனையை ராட்டினத்தின் நடுத்தூணில் வைத்து, பிடியைத் தன் காதில் வைத்தார். "மெதுவா தள்ளுங்க" என்றார். ராட்டினம் சுற்றுகிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். இட்லிக் கொப்பரையில் ஆவி சீறுகிறது, அக்காவைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார், அக்கா அடுப்பை அணைத்தார். நடுவர் அவர்களே, பெங்களூரில் ஒரு தெரு முழுவதும் பேசாமல் நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆட்டோக்காரர் இன்ஜினை நிறுத்தினார். எதிர்வீட்டுக் கன்னட அஜ்ஜி குக்கர் விசில் வரும் என்று உள்ளே ஓடினார்.

அப்புறம் பெரியவர் கண்ணைத் திறந்தார். ஒரே ஒரு வார்த்தை. "ஏறுங்க."

மறுபடியும் சொல்கிறேன், எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. "ஏறுங்க" என்றார். ஆறு பேர் ஏற வேண்டிய ராட்டினத்தில் பதினான்கு பிள்ளைகள். தமிழில் கத்துகிறது ஒன்று, கன்னடத்தில் கத்துகிறது ஒன்று, உருதுவில் அழுகிறது ஒன்று, அதற்கு இடம் கிடைக்கவில்லை. அன்று இரவு பத்தரை மணிக்கு நான் மாடியில் துணி எடுக்கப் போனபோது திடலில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தால், பேங்க்கில் ஓய்வு பெற்ற சாரும் அவர் மனைவியும் ராட்டினத்தில் எதிரெதிராக உட்கார்ந்திருக்கிறார்கள். தள்ளுவது யார் தெரியுமா? குக்கரை நிறுத்த ஓடினார்களே, அந்த அஜ்ஜி.

இப்போது எதிரணி அண்ணனிடம் வருகிறேன். மூன்றாவது மாதம் மறந்துவிடுவோம் என்றீர்கள். அல்சூர்க்காரர்களைப் பார்த்தா அப்படிச் சொன்னீர்கள்? நம் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 1991இலிருந்து மூடியே நின்றது. 18 ஆண்டுகள். 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறந்த அன்று இங்கே எத்தனை பேர் கண்கலங்கினார்கள் என்று உங்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். 18 ஆண்டு மறக்காதவர்களுக்கு மூன்று மாதம் ஒரு கணக்கா? பக்கத்தில் கௌதமபுரத்துக்குப் போங்கள். புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா, அவர்களோடு கால்பந்து வீரர் பீலேவும் சிலையாக நிற்கிறார். பந்தாட்டத்தின் மேல் அவ்வளவு பிரியம் வைத்த ஜனம் இது. விளையாட்டை நாங்களா மறப்போம்?

ஜே.பி. நகர் ஏழாம் கட்டத்தில் புட்டேனஹள்ளி ஏரி என்று ஒன்று உண்டு, 13 ஏக்கர். சுற்றிக் குடியிருந்தவர்கள் 2010இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள், 2011இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டுப் பராமரிப்பை ஏற்றார்கள். மூன்று மாதத்தில் விட்டுவிட்டா போனார்கள்? வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கு என்று விட்ட இடத்தை மருத்துவமனை கட்ட ஒரு தனியார் அறக்கட்டளைக்கு ஒதுக்கினார்கள். எதிர்த்து வழக்குப் போட்டது யார்? அங்கே வாழ்ந்த மக்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, பூங்கா இடம் பூங்காவாகவே இருக்க வேண்டும் என்று. நிலத்தை ஒதுக்கியதும் அரசு, அதைத் தூக்கிக் கொடுத்ததும் அரசு. நடுவில் நின்று விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் அக்கம்பக்கத்தார்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. ஒரு நிமிடம் கொடுங்கள். தீர்ப்பு யார் பக்கம் வந்தாலும் சரி, இதை மட்டும் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

ஒரு நாள் பெரியவரிடம் கேட்டேன். "ஐயா, பிள்ளைகள் சுற்றுகிற ராட்டினம். அதற்குப் போய் ஏன் அவ்வளவு நேரம் காது கொடுத்துக் கேட்டீர்கள்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார். தங்கவயலில் அவருக்கு வேலை ஷாஃப்ட்டுக்கு, அதாவது சுரங்கத்துக்குள் இறங்குகிற கிணற்றுக்கு, மேலே சுற்றுகிற பெரிய சக்கரத்தில். அந்தச் சக்கரத்தில் ஓடும் வடத்தில்தான் ஆட்களை இறக்குகிற கேஜ் தொங்கும். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் இவர் திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்பார். சத்தம் சரியாக இருந்தால் கீழே பார்த்து ஒரு வார்த்தை சொல்வார். என்ன வார்த்தை என்று உங்களுக்குத் தெரியும். "ஏறுங்க." அவருடைய அண்ணனும் அந்தக் கேஜில்தான் ஏறுவாராம். "சுரங்கம் மூடுன பிறகு அந்த வார்த்தையைச் சொல்றதுக்கு எனக்கு ஆள் இல்லாமப் போச்சு தம்பி" என்றார்.

போன வருடம் அவர் மகள் அவரைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். முழங்கால் முடியவில்லை. போகும்போது அந்தப் பால்பவுடர் டின்னையும் திருப்புளியையும் அயர்ன் வண்டிக்காரர் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த மழைக்காலம் முடிந்த முதல் ஞாயிறு. நான் திடலுக்குப் போனேன். அந்தப் பெண் ராட்டினத்தின் நடுவில் குந்தி உட்கார்ந்திருக்கிறாள். திருப்புளியின் முனையைத் தூணில் வைத்து, பிடியில் அவள் அம்மாவின் செல்போனை ஒட்டிப் பிடித்திருக்கிறாள். ஸ்பீக்கர் போட்டிருந்தது. நாலு பிள்ளைகள் மூச்சு விடாமல் மெதுவாகத் தள்ளுகிறார்கள். இட்லிக் கடையில் அடுப்பு அணைந்திருக்கிறது.

"தாத்தா, கேக்குதா?"

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தம் இல்லை. அப்புறம் குரல் வந்தது. "மேல கொஞ்சம் கரகரங்குது பாப்பா. மழைத் தண்ணி எறங்கியிருக்கும். மூடியைத் தொறந்து தொடைச்சிட்டுப் புதுசா வை."

திறந்தாள். தண்ணீர் இருந்தது. துடைத்தாள், டின்னில் விரலை விட்டு எடுத்துப் புதிதாக வைத்தாள், மூடினாள். மறுபடியும் போனை ஒட்டிப் பிடித்தாள். மறுபடியும் எல்லோரும் பேசாமல் நின்றோம்.

"ஏறுங்க" என்றார்.

வணக்கம்.