பானை விற்பவரும் பிரசங்கியும்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளி பேண்டு வாத்தியக் குழுவுக்குப் பணம் சேர்க்கப் பிள்ளைகள் சாக்லேட் பெட்டியோடு தெருத்தெருவாகப் போகும் பருவம் இது. போன வாரம் தெரிந்த தங்கை ஒருவர் கேட்டார்: "அண்ணா, இதுக்கெல்லாம் டவுன் ஆபீஸ்ல பெர்மிட் வாங்கணுமா?" அவருடைய மகள் சாக்லேட் விற்கிறாள். அவரோ வீட்டில் நெய் பிஸ்கட் சுட்டு அக்கம்பக்கத்தில் விற்க நினைக்கிறார். மகளுக்கு ஒரு பதில், உனக்கு வேறு பதில் என்றேன். அவருக்கு லேசான கோபம்.

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கிரீன் ரிவர் என்று ஒரு ரயில்வே ஊர். இரவெல்லாம் வேலை பார்த்தவர்கள் பகலில் தூங்குவார்கள். தூக்கம் பிடிக்கிற நேரத்தில் யாராவது கதவைத் தட்டி, "பிரஷ் வேணுமா?" என்பார்கள். 1931-இல் ஊர் ஒரு சட்டம் போட்டது: வீட்டுக்காரர் அழைக்காமல் விற்க வருவது குற்றம். வீடு வீடாக பிரஷ் விற்ற ஃபுல்லர் நிறுவனம் வழக்குப் போட்டது. 1933-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊர் பக்கம் நின்றது. பிறகு எத்தனையோ ஊர்கள் அந்தச் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டன. இன்றும் அந்த வகைச் சட்டத்துக்கு "கிரீன் ரிவர் சட்டம்" என்றே பெயர்.

இப்போது நம் ஒஹாயோ மாநிலத்துக்கு வாருங்கள். ஸ்ட்ரதர்ஸ் அன்று இரும்பு, எஃகு ஆலைகளின் ஊர். அங்கேயும் அதே ஷிப்ட் வேலை, அதே பகல் தூக்கம். துண்டறிக்கை கொடுக்க மணியடிக்கக் கூடாது என்று ஊரில் சட்டம். வீடு வீடாகப் போய் மதப் பிரசாரம் செய்யும் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த தெல்மா மார்ட்டின் என்ற பெண், மதக் கூட்டத்துக்கு அழைக்கும் தாளோடு மணியடித்தார். பத்து டாலர் அபராதம். 1943-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. வருகிறவரோடு பேசுவதா வேண்டாமா என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்யட்டும், ஊர் முடிவு செய்ய வேண்டாம் என்று எழுதினார் நீதிபதி ஹியூகோ பிளாக்.

கலைந்தது இரண்டு ஊரிலும் ஒரே தூக்கம்தான். வியாபாரம் செய்த பிரஷ்காரர் தோற்றார், கருத்துச் சொல்ல வந்த பிரசங்கி வென்றார்.

1951-இல் லூசியானாவில் கிரீன் ரிவர் வகைச் சட்டம் இருந்த ஊரில் வீடு வீடாகப் பத்திரிகைச் சந்தா பிடித்தவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அவரும் தோற்றார். பிளாக் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார், ஆனால் பத்திரிகை என்பதற்காகத்தான். வாசலில் பானை விற்க வருகிறவரை இதே சட்டத்தால் தடுக்கலாம் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். எனக்கு இது உறுத்துகிறது. பானை விற்பவருக்கும் வயிறு இருக்கிறதே!

நன்கொடைக்கு வருவோம். சிகாகோவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஷாம்பர்க், திரட்டும் பணத்தில் 75 சதவீதமாவது அறப்பணிக்குப் போனால்தான் வீடு வீடாக வசூலிக்க அனுமதி என்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுற்றுச்சூழல் பற்றி வீடு வீடாகப் போய்ப் பேசுவதே ஓர் அமைப்பின் பணி என்றால், பேசப் போகிறவரின் சம்பளம் செலவா, அறமா? 1980-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. நன்கொடை கேட்பதும் பேச்சுரிமையோடு பின்னியது, மோசடியைத் தடுக்க வேறு வழி பாருங்கள் என்றது.

அப்புறம் 2002, மறுபடியும் நம் ஒஹாயோ. ஸ்ட்ராட்டன் முந்நூறு பேர் அளவில் வாழ்ந்த கிராமம். வீடு வீடாகப் போய்க் கருத்துச் சொல்லவும் அங்கே பெர்மிட் வேண்டும் என்று சட்டம். பெர்மிட் இலவசம், கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார்கள். இருந்தும் உச்ச நீதிமன்றத்தில் எட்டுக்கு ஒன்று என்று அந்தச் சட்டம் அடிபட்டது. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு கருத்தைச் சொல்ல அரசிடம் பெயர் கொடுத்துச் சீட்டு வாங்கணுமா என்பதுதான் கேள்வி. "விற்க வராதீர்கள்" என்று பலகை மாட்டினால் போதுமே என்றது நீதிமன்றம். ஆனால் அதே தீர்ப்பில் ஒரு பொடி வைத்தார்கள்: சட்டம் வியாபாரத்துக்கும் பண வசூலுக்கும் மட்டும் என்றிருந்தால், மோசடியைத் தடுக்கவே போட்டது என்று ஒருவேளை வாதாடியிருக்கலாம்.

ஊர்கள் அந்தப் பொடியைப் பிடித்துக்கொண்டன. விற்க வருகிறவருக்குக் கட்டணம், போலீஸ் சரிபார்ப்பு, கழுத்தில் அடையாள அட்டை, மாலை இத்தனை மணிக்குள் என்று பல ஊர்களில் விதி. பள்ளி, கோயில், தொண்டு அமைப்புகளுக்குப் பல இடங்களில் விலக்கு.

சரி, தங்கைக்கு என்ன சொன்னேன்? வீட்டில் பிஸ்கட் சுட ஒஹாயோவில் உரிமம் வேண்டாம், "வீட்டில் தயாரித்தது" என்ற வாசகத்தோடு லேபிள் ஒட்டினால் சரி. கதவைத் தட்டத்தான் ஊருக்கு ஊர் வேறு விதி. டவுன் ஆபீஸில் மூன்று விஷயம் கேள்: கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளுக்குச் செல்லும், பலகை மாட்டிய வீட்டில் தட்டினால் என்ன தண்டனை. மகளுக்கும் விலக்கு உண்டா என்று அங்கேயே கேட்டுவிடு.

"என் பிஸ்கட்டுக்கும் ஒரு கருத்து இருக்குன்னு சொல்லிப் பாக்கட்டுமா?" என்றார் அவர். சிரித்தேன். பதில் மட்டும் வரவில்லை.